கை மரத்துப் போகுதா? மணிக்கட்டு நரம்பை டாக்டர்கள் எப்படித் தேடுறாங்க? விரல், கரண்ட், ஸ்கேன்... எது யாருக்கு?

பகல் முழுக்க மல்லாட்டை ஆய்ஞ்சுட்டு வந்து படுத்தா, நடு ராத்திரியில கை மரத்துப் போய் தூக்கம் கலையுது. எழுந்து உட்கார்ந்து நாலு தடவை உதறினாதான் உயிர் வந்த மாதிரி இருக்கு. செஞ்சி பக்கம் வயல் வேலைக்குப் போறவங்க, தையல் மிஷின்ல உட்கார்றவங்க, கல் உடைக்கிறவங்க, நாள் பூரா பைக் ஓட்டுறவங்க என யாருக்கு வேண்டுமானாலும் இந்தப் பிரச்னை வரலாம்.

சரின்னு டாக்டர்கிட்ட போனா, ஒருத்தர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துட்டு "நரம்பு அழுத்தம்"னு சொல்றார். இன்னொருத்தர் கரண்ட் வெச்சுப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு எழுதித் தர்றார். மூணாவது இடத்துல ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் "எம்.ஆர்.ஐ எடுத்தாதான் எல்லாம் தெரியும்"னு போன்ல அட்வைஸ் பண்றார். இதுல எது சரி? எல்லாத்துக்கும் காசு செலவு பண்ணணுமா?

சுருக்கமான பதில் இதுதான்: இந்த முறைகள் ஒன்றுக்கொன்று போட்டி கிடையாது. நரம்பு எங்க இருக்கு, அது வேலை செய்யுதா, அது எந்த நிலையில இருக்கு என மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் இதில் ஒன்றுக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். அதைப் புரிந்துகொண்டால் தேவையில்லாத டெஸ்ட்டையும் தவிர்க்கலாம், தேவையான டெஸ்ட்டைத் தள்ளிப் போடாமலும் இருக்கலாம். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

மணிக்கட்டுக்குள்ள என்னதான் இருக்கு?

மணிக்கட்டு வழியாக உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் மூன்று முக்கிய நரம்புகள் போகின்றன.

முதலாவது, மீடியன் நரம்பு. மணிக்கட்டின் நடுவில் போகும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இதன் பொறுப்பு. கட்டை விரலை மற்ற விரல்களுக்கு நேராகக் கொண்டுவரும் சதைக்கும் இதுதான் கட்டளை கொடுக்கிறது.

இரண்டாவது, அல்னார் நரம்பு. சுண்டு விரல் பக்கமாகப் போகும். சுண்டு விரல், மோதிர விரலின் மறுபாதி ஆகியவற்றின் உணர்ச்சியும், விரல்களை விரித்துச் சேர்க்கும் சின்னச் சின்ன சதைகளும் இதன் கையில்.

மூன்றாவது, ரேடியல் நரம்பின் தோல் கிளை. கட்டை விரல் பக்கமாக எலும்புக்கு மேலேயே ஓடி, புறங்கைக்குப் போகும். இது உணர்ச்சிக்கு மட்டும்தான். எந்தச் சதையையும் அசைக்காது.

இதில் மீடியன் நரம்பு போகிற பாதைதான் ரொம்பக் குறுகலானது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்குப் போயிருப்பீங்க. ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது, கடைசியில் ஒரு பெரிய பாறைப் பிளவை ஒரு சின்னப் பாலம் வழியாகத்தான் கடக்க வேண்டும். யார் போனாலும் அந்த ஒரே வழிதான். மணிக்கட்டிலும் அப்படித்தான். கீழே எலும்பு, மேலே கெட்டியான பட்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குகைக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. இதற்குப் பெயர்தான் கார்பல் டனல்.

உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்ப காலம், மணிக்கட்டை மடக்கி மடக்கிச் செய்யும் வேலை, அதிரும் மிஷினைப் பிடிக்கும் வேலை ஆகியவை இதற்கு வழி வகுக்கும்.

எதுக்காக நரம்பைத் தேடணும்?

மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்று, கை மரத்துப் போகும்போது நோயைக் கண்டுபிடிக்க. இரண்டு, கையில் ஆபரேஷன் செய்ய மரத்துப் போகும் ஊசி போடவோ, கார்பல் டனலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடவோ. மூன்று, கண்ணாடியோ அரிவாளோ மணிக்கட்டை வெட்டிவிட்டால், நரம்பு அறுந்ததா இல்லையா என்று பார்க்க. சந்தர்ப்பம் மாறினால் முறையும் மாறும்.

முறை 1: கண்ணும் விரலும்

இதுதான் எல்லாவற்றிலும் பழையது. செலவே இல்லாதது.

நீங்களே ஒண்ணு செய்து பாருங்க. கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் ஒட்டி வைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்க. நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து நிற்கிறதா? அது ஒரு தசைநாண். அதற்கும், கட்டை விரல் பக்கம் இருக்கும் அடுத்த தசைநாணுக்கும் நடுவில், கொஞ்சம் ஆழத்தில்தான் மீடியன் நரம்பு இருக்கும். டாக்டர்கள் ஊசி போட அடையாளமாக வைத்துக்கொள்வது இதைத்தான்.

அல்னார் நரம்புக்கு அடையாளம், சுண்டு விரல் பக்கம் இருக்கும் தசைநாணும் ரத்தக்குழாயின் துடிப்பும். ரேடியல் கிளைக்கு அடையாளம், கட்டை விரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு.

சிக்கல் என்னன்னா, நடுவில் நிற்கும் அந்தத் தசைநாண் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. உங்களுக்குப் புடைத்து நிற்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அது நோய் கிடையாது. அது இல்லாமலேயே கை நன்றாக வேலை செய்யும் என்பதால்தான், வேறு இடத்தில் தசைநாண் தேவைப்படும்போது அறுவை சிகிச்சை டாக்டர்கள் இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இன்னும் சிலருக்கு மீடியன் நரம்பே இரண்டாகப் பிரிந்திருக்கும். அல்லது பக்கத்தில் கூடுதலாக ஒரு ரத்தக்குழாய் ஓடும். இதெல்லாம் விரலுக்குத் தெரியாது.

ஆனால் விரல் மட்டுமே பெரிதாகக் கைகொடுக்கும் ஒரு நோய் உண்டு. அது தொழுநோய். இந்த நோயில் நரம்பு தடித்துப் போகும். முழங்கையில் அல்னார் நரம்பையும், மணிக்கட்டில் மீடியன் நரம்பையும், எலும்பு மேல் உருளும் ரேடியல் கிளையையும் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று ஆபரேஷன் மூலம் மறுபடி வேலை செய்ய வைத்தார். எந்த நரம்பு, எந்த இடத்தில் செயலிழந்தது என்பது தெரிந்தால்தான் எந்தத் தசைநாணை எங்கே மாற்றுவது என்று முடிவு செய்ய முடியும். தேமல் போன்ற உணர்ச்சியற்ற படையோடு கையும் மரத்திருந்தால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். முழுதாகக் குணமாகும்.

முறை 2: தட்டிப் பார்க்கிறது, மடக்கிப் பார்க்கிறது

மணிக்கட்டில் நரம்பு மேல் விரலால் லேசாகத் தட்டுவாங்க. விரல் நுனி வரைக்கும் சுரீர்னு போனால், அந்த இடத்தில் நரம்பு எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு டினெல் சோதனை என்று பெயர். முதல் உலகப் போர் நடந்த 1915-ல் பிரான்ஸ் டாக்டர் ஜூல் டினெல் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும் தனியாக இதைச் சொன்னார்.

சுவாரஸ்யம் என்னன்னா, இந்தச் சோதனை முதலில் கார்பல் டனலுக்காக வந்தது இல்லை. காயப்பட்ட நரம்பு திரும்ப வளர்கிறதா என்று பார்க்க வந்தது. வெட்டுப்பட்ட நரம்பைத் தைத்த பிறகு, அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளரும். தட்டினால் சுரீர் என்கிற இடம் மாதா மாதம் விரல் நுனியை நோக்கி நகர்ந்தால், நரம்பு வளர்ந்துகொண்டு வருகிறது என்று பொருள். இன்றைக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்று ஃபேலன் சோதனை. இரண்டு புறங்கைகளையும் ஒட்டி வைத்து, மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கியே வைத்திருக்கணும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் பக்கம் மரத்தால் கார்பல் டனல் பிரச்னை இருக்கலாம்.

இரண்டுமே நல்ல ஆரம்பம். ஆனால் இரண்டுமே தப்புவதும் உண்டு. நோய் இல்லாதவருக்கும் சுரீர் என்னலாம். நோய் முற்றி நரம்பு ரொம்பச் செயலிழந்தவருக்கு ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அதனால் டாக்டர் உங்க கதையையும் சேர்த்துக் கேட்பார். ராத்திரியில் எழுப்புதா? உதறினால் சரியாகுதா? எந்தெந்த விரல்? சுண்டு விரல் மட்டும் மரத்தால் சந்தேகம் அல்னார் நரம்பு பக்கம் திரும்பும். கழுத்தில் இருந்து தோள் வழியாக வலி இறங்கினால், கழுத்து எலும்பையும் பார்க்கணும்.

உள்ளங்கையில் கட்டை விரல் மேட்டின் தோல் உணர்ச்சி சரியாக இருந்து, விரல்கள் மட்டும் மரத்துப் போவதும் ஒரு முக்கியமான துப்பு. ஏன்னா, அந்தத் தோலுக்குப் போகிற கிளை குகைக்கு முன்னாலேயே பிரிந்து, வெளி வழியாகப் போய்விடுகிறது. குகைக்குள் நடக்கும் நெரிசல் அதைத் தொடாது.

முறை 3: கரண்ட்

கரண்ட் என்றதும் பயப்பட வேண்டாம். இதில் இரண்டு வகை இருக்கு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை, நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட். பெயர், நரம்புக் கடத்தல் சோதனை. தோல் மேல் சின்ன ஷாக் கொடுத்து, சிக்னல் எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது என்று அளப்பாங்க. நல்ல நரம்பில், கையில் சாதாரணமாக வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் தாமதம் ஆனால், நெரிசல் அங்கேதான். 1950-களிலேயே டாக்டர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள்.

"நரம்பு வேலை செய்யுதா?" என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் வேறு இல்லை. லேசா, நடுத்தரமா, முற்றியதா என்று தரம் பிரிக்கவும், கழுத்துப் பிரச்னையா மணிக்கட்டுப் பிரச்னையா என்று பிரித்துப் பார்க்கவும் உதவும். ஆனால் ஏன் நெரிசல் என்று சொல்லாது. உள்ளே நீர்க்கட்டி இருந்தாலும் இதற்குத் தெரியாது. ஆரம்ப நிலையில் சிலருக்கு ரிசல்ட் நார்மலாகவே வரும். இன்னொரு விஷயம், கை ஜில்லென்று இருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் கடத்தும். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே போகாதீங்க. கை குளிர்ந்திருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்க, சூடாக்கிய பிறகு எடுப்பாங்க. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடணும்.

இரண்டாவது வகை, ஊசி போடும்போது பயன்படுத்தும் நரம்புத் தூண்டல் கருவி. மயக்க மருந்து டாக்டர் போடும் ஊசியின் நுனி வழியாக மிகச் சிறிய கரண்ட் போகும். நுனி மீடியன் நரம்புக்கு அருகில் போனால் கட்டை விரல் தானாகத் துடிக்கும். துடித்தால், நரம்பு பக்கத்தில்தான் இருக்கு.

இதன் வரம்பு மணிக்கட்டில் தெளிவாகத் தெரியும். ரேடியல் கிளை உணர்ச்சிக்கு மட்டும்தான் என்று பார்த்தோமே? அதனால் அங்கே சதைத் துடிப்பு வராது. நோயாளி "ஜிவ்வுங்குது"ன்னு சொன்னால்தான் உண்டு.

முறை 4: அல்ட்ராசவுண்ட்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட் தான். கதிர்வீச்சு கிடையாது. ஆனால் மணிக்கட்டில் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், இதற்குத் தனியாக அதிக அதிர்வெண் கொண்ட நேரான புரோப் தேவை. வயிறு ஸ்கேன் எடுக்கும் புரோபில் இவ்வளவு நுணுக்கமாகத் தெரியாது.

குறுக்கு வெட்டில் நரம்பு தேன்கூடு மாதிரி தெரியும். ஆனால் பக்கத்தில் இருக்கும் தசைநாணும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும். குழப்பமே இங்கேதான். அனுபவம் உள்ளவர்கள் மூன்று வழிகளில் பிரித்துவிடுவாங்க. புரோபைக் கொஞ்சம் சாய்த்தால், தசைநாண் சட்டென்று கறுத்துப் போகும், நரம்பு அவ்வளவாக மாறாது. விரலை ஆட்டச் சொன்னால், தசைநாண் தாராளமாக வழுக்கி ஓடும். புரோபை முழங்கை நோக்கி நகர்த்தினால், தசைநாண் சதையாக மாறிவிடும், நரம்பு நரம்பாகவே தொடரும்.

கார்பல் டனல் நெரிசலில், குகைக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் நரம்பு வீங்கி நிற்கும். அதன் பரப்பளவு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். எல்லைக் கோடு ஒவ்வொரு சென்டரிலும் கொஞ்சம் மாறும். நீர்க்கட்டி, இரண்டாகப் பிரிந்த நரம்பு, கூடுதல் ரத்தக்குழாய் எல்லாம் இதில் தெரிந்துவிடும்.

ஊசி போடும்போதும் இது பெரிய உதவி. ஊசி நுனியையும் நரம்பையும் மருந்து பரவுவதையும் ஒரே திரையில் பார்க்கலாம். 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடலின் பல இடங்களில் நரம்பு ஊசி போட்ட 32 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அல்ட்ராசவுண்ட் உதவியோடு போட்டால் மரத்துப் போவது நன்றாக இருந்தது, மறுபடி மருந்து கொடுக்கும் தேவையும் சின்னச் சின்ன சிக்கல்களும் குறைந்தன என்பது அதன் முடிவு.

குறை என்ன? பார்ப்பவரின் கை அனுபவம்தான் எல்லாமே. மிஷின் நல்லதா இருந்து, பார்ப்பவருக்குப் பழக்கம் இல்லை என்றால் தசைநாணையே நரம்பு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அதோடு, நரம்பின் உருவம் தெரியுமே தவிர, அது எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்று ஸ்கேன் சொல்லாது.

முறை 5: எம்.ஆர்.ஐ

படம் அழகாக வரும். ஆழத்தில் இருக்கும் கட்டி, எலும்பு, தசை எல்லாம் தெரியும். ஆனால் சாதாரண கார்பல் டனல் பிரச்னைக்கு இது தேவையே இல்லை. ஆபரேஷன் செய்தும் சரியாகாதவர்கள், கட்டி இருக்கிறது என்று சந்தேகப்படும் நிலை போன்ற சிக்கலான சூழலில்தான் பயன்படும். ஊசி போடும் நேரத்தில் வைத்துப் பார்க்கவும் முடியாது. போன்ல அட்வைஸ் பண்ற சொந்தக்காரருக்கு இதைச் சொல்லிடுங்க!

அப்போ எது பெஸ்ட்? ஒரே பார்வையில்

▪ ராத்திரியில் மரத்துப் போகுது, அறிகுறி தெளிவா இருக்கு: முறை 1, 2 போதும். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையோடு சிகிச்சையைத் தொடங்கலாம்.

▪ சந்தேகம் இருக்கு, அல்லது ஆபரேஷன் பற்றிப் பேச்சு வருது: நரம்புக் கடத்தல் சோதனை.

▪ மணிக்கட்டில் கட்டி தெரியுது, அல்லது அந்த டெஸ்ட் நார்மல், ஆனா தொல்லை மட்டும் போகலை: அல்ட்ராசவுண்ட்.

▪ மணிக்கட்டில் ஊசி: அடையாளம் பார்த்துப் போடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். நரம்பு ஆழத்தில் இல்லாததால் பழகிய கைக்கு இது எளிது. அல்ட்ராசவுண்ட் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு.

▪ வெட்டுக்காயம்: முதலில் விரல். ஸ்கேன் அப்புறம்தான்.

வெட்டுக்காயத்தில் இதை மறக்காதீங்க

கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். மணிக்கட்டில் கண்ணாடியோ அரிவாளோ பட்டால், வெளியில் காயம் ஒரு இன்ச் கூட இருக்காது, உள்ளே நரம்பு அறுந்திருக்கும். தையல் போட மரத்துப் போகும் ஊசி போட்ட பிறகு உணர்ச்சியைச் சோதிக்க முடியாது. அதனால் ஊசிக்கு முன்னாலேயே ஒவ்வொரு விரல் நுனியிலும் தொடு உணர்ச்சி இருக்கிறதா, கட்டை விரல் எழும்புகிறதா, விரல்களை விரிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பதற்றத்தில் யாரும் கேட்கவில்லை என்றால், "இந்த விரல்ல தொட்டா தெரியலை டாக்டர்"னு நீங்களே சொல்லுங்க. தோலை மட்டும் தைத்துவிட்டு நரம்பை விட்டுவிட்டால், மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். தாமதமாகத் தைக்கும் நரம்பு, சீக்கிரம் தைத்த நரம்பு அளவுக்குத் திரும்புவது கஷ்டம்.

அதே மாதிரி, ட்ரிப்ஸ் ஏற்ற கட்டை விரல் பக்கம் மணிக்கட்டில் ஊசி குத்தும்போது, விரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே சொல்லுங்க. அது ரேடியல் கிளையாக இருக்கலாம். ஊசியை எடுத்து வேறு இடத்தில் போடுவாங்க.

செஞ்சிக்காரங்க எங்க போகலாம்?

முறை 1-க்கும் 2-க்கும் மிஷின் எதுவும் வேண்டாம். செஞ்சி அரசு மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் காட்டலாம். சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் அப்போதே கேளுங்க. அடுத்த கட்டம் தேவை என்றால் முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இருக்கின்றன. கைக்கென்றே தனித் துறை வேண்டும் என்றால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கு. போவதற்கு முன் எந்த டெஸ்ட் எந்தக் கிழமை எடுக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

எப்போ தாமதிக்கக் கூடாது?

எப்பவாவது மரத்துப் போவது வேறு. பகலிலும் விடாமல் மரத்திருப்பது, கையில் இருக்கும் பொருள் அடிக்கடி நழுவி விழுவது, சட்டைப் பட்டன் போடக் கஷ்டப்படுவது, கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் சதை மேடு வற்றிப் போவது ஆகியவை நரம்பு சேதமாகிக்கொண்டிருப்பதற்கான அடையாளம். இரண்டு கைகளையும் பக்கத்துல பக்கத்துல வைத்து அந்த மேட்டை ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்த மாதிரி இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. வற்றிய சதை, ஆபரேஷனுக்குப் பிறகும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அடுத்த தடவை யாராவது டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், "டாக்டர், இதுல நாம எதைத் தெரிஞ்சுக்கப் போறோம்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நரம்பு எங்க இருக்குன்னா, வேலை செய்யுதான்னா, எப்படி இருக்குன்னா? பதில் தெரிந்துவிட்டால், எந்த டெஸ்ட்டுக்குக் காசு கொடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.